பள்ளத்து வூட்ல மேட்டுக் கக்கூஸ்

தை 22, வெள்ளி
காலைல பனி. ஏரில போட்ட வலைல நண்டுதான் ஜாஸ்தி, எறாலே இல்ல. வாசல்ல சேறு தள்ளவே எட்டு மணி ஆச்சு. ரோட்டை ரெண்டு வாட்டி ஒசத்திப் போட்டுட்டாங்க, எங்க வூடு மூணு படி பள்ளத்துல.

செல்வி போன் பண்ணா. மாசமா இருக்கற பொண்ணு, மீஞ்சூர் மாமியார் வூட்லேர்ந்து பிரசவத்துக்கு இங்க வரணும். "பகலெல்லாம் அடக்கினு இருந்து, இருட்டுல டார்ச் எட்த்துனு முள்ளுக்காட்டுக்கு என்னால போவ முடியாதும்மா. கக்கூஸ் கட்டு, வரேன். இல்லன்னா இங்கியே பெத்துக்கறேன்." போனை வெச்சிட்டு அழுதேன். அப்புறம் கோவம். கட்றேன்டி!

தை 25, திங்கள்
மீஞ்சூர் பிளம்பர் தாஸ் வந்தாரு. என் வூட்டுக்காரர் ரெண்டடிதான் வெட்னாரு, குபுகுபுன்னு உப்புத் தண்ணி.

"அக்கா, இதுல கக்கூஸ் டேங்க் பொதைச்சா ஏரி உள்ள வந்துடும். பௌர்ணமி அன்னைக்கு கடத்தண்ணி ஏரில ஏறும், டேங்க்ல இருக்கறதெல்லாம் எதுத்துனு மேல வரும்."
"அப்போ பொதைக்காத. தரைக்கு மேல கட்டு."
"கக்கூஸ் அதுக்கும் மேல இருக்கணுமேக்கா."
"இருந்தா இன்னா? படி ஏறிப் போறோம்."

கேலண்டர் பின்னால பிளான் போட்டோம். டேங்க் தரைக்கு மேல, நெறைஞ்சா லாரி வந்து உறிஞ்சிக்கும். நாலு படி, புள்ளத்தாச்சி புடிச்சிக்க கம்பி. பைப் நல்ல சரிவா. குளிக்கற தண்ணிக்குத் தனி பைப். கூரைக்கு மேல காத்துப் பைப்.
காத்து எதுக்குன்னு கேட்டேன். உள்ள காத்து போனாத்தான் தண்ணி எறங்குமாம், நாத்தமும் மேலயே பூடுமாம். சரி.
உப்பு வாங்கணும்.

மாசி 4, செவ்வாய்
வெயில். செவுரு ஏறிடுச்சு. ஓரகத்தி அலமேலு ரோட்ல நின்னுனு ஊருக்கே கேக்கறாப்ல, "இன்னா மேகலா, வூடு பள்ளத்துல, கக்கூஸ் கோபுரத்துலயா?" எல்லாரும் சிரிச்சாங்க. நானும் பல்லைக் காட்னேன்.

மாசி 9, ஞாயிறு
வேலை முடிஞ்சுது. மொத பக்கெட் நான்தான் ஊத்தினேன். கொளக் கொளக். எறங்கவே இல்ல. நாத்தம் வேற. செல்விக்கு இன்னா பதில் சொல்வேன்?

தாஸுக்கு போன். "காத்துப் பைப்பைப் பாருங்கக்கா." ஏணி வெச்சி நானே ஏறினேன். பைப் வாய்ல வலை மிதவை! நல்லா அடிச்சி எறக்கி, சுத்தி எம்சீல் வேற பூசி வெச்சிருக்கு.

வூட்டுக்காரரைக் கூப்ட்டேன். "யோவ், இன்னாயா இது?"
"மழைத் தண்ணி உள்ள போவுமேன்னு அடைச்சேன்."
போட்ல ஓட்டை அடைச்சி அடைச்சி, எந்த ஓட்டையப் பாத்தாலும் இந்த மனுசனுக்குக் கை சும்மா இருக்காது. திட்டித் தீத்தேன். பாவம், அவரே கத்தியால சொரண்டி எடுத்தாரு. திரும்ப ஊத்தினேன். சர்ருனு போச்சு. தாஸ் மவராசன்!

மாசி 10, திங்கள்
பௌர்ணமி. ஏரி ஏறி வாசல்ல கணுக்கால் தண்ணி. பக்கெட்டைத் தூக்கினு மேல போனேன். பக்கெட் மேல பக்கெட். அத்தனையும் எறங்குச்சு. ஒரு சொட்டு எதுத்துனு வரல. ஜெயிச்சிட்டேன்! படில நின்னு கத்தினேன், வெக்கமே இல்லாம.

அலமேலு தண்ணில நடந்து வந்துச்சு. எட்டிப் பாத்துச்சு. அப்புறம், "அந்த தாஸ் நம்பரைக் குடேன்."
குடுத்தேன். டீயும் குடுத்தேன்.

மாசி 14, வெள்ளி
செல்வி வந்துட்டா. கால் வீங்கியிருக்கு, மொகம் நல்லா தெளிவு. சோறு துன்னுட்டு, கம்பியப் புடிச்சினு மேல போனா. தாப்பா போடற சத்தம். போனவ வரவே இல்ல. பயந்து போய்க் கதவைத் தட்னேன்.

"இன்னாடி, வலி கிலி வந்துடுச்சா?"
"இல்லம்மா. சும்மா உக்காந்துனு இருக்கேன்."
"இம்மாம் நேரமா?"
"நம்ம ஊர்லம்மா. பட்டப்பகல்ல."
மெதுவா வாடின்னேன்.