தோய்த்து மடித்த சட்டை

ரெக்ஸ்டேல், ரொறன்ரோ
ஒக்டோபர் 1986

அன்புள்ள அத்தான்,

நீங்கள் ரியாத்தில் இருந்துகொண்டு எப்போதும் மகனைப் பற்றித்தான் கேட்கிறீர்கள். கேளுங்கள்.

நேற்று அவனுடைய கல்லூரி ஃபுட்போல் கோச், அதுதான் தலைக்கவசம் போட்டு முட்டி மோதும் இந்த ஊர் விளையாட்டைப் பழக்குகிறவர், வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேத்தண்ணீரைத் தொடவேயில்லை. முகத்தை இறுக்கிக்கொண்டு நெடுநேரம் பேசினார். "மார்க்ஸ்", "எக்ஸாம்" என்ற இரண்டும்தான் எனக்குப் பிடிபட்டன. மகன்தான் மொழிபெயர்த்தான்.

"நான் நல்லா விளையாடுறனாம், அம்மா."

அவ்வளவு பேச்சுக்கும் இவ்வளவுதானா? படிப்பில் தேறாதவனை அணியில் வைத்திருக்க மாட்டார்கள் என்று முன்பு அவனேதான் பெருமையாகச் சொன்னவன்.

"படிப்புக் குறைஞ்சா விளையாட்டை நிப்பாட்டச் சொல்லு" என்றேன். அவன் கோச்சிடம் இங்கிலீஷில் ஏதோ முணுமுணுத்தான். கோச் என்னை இரக்கமாகப் பார்த்தார். என்மேல் ஏன் இரக்கம்?

போகும்போது இவனுடைய தலைக்கவசத்தையும் விளையாட்டுச் சட்டையையும் வாங்கிக் காரில் வைத்தார்.

"உதுகளை ஏன்ரா கொண்டுபோறார்?"

"தோய்க்கிறதுக்கு, அம்மா."

உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதப்போகிறானாம். என்ன எழுதினாலும் ஒரு வரி விடாமல் எனக்குச் சொல்லுங்கள். அந்தச் சட்டையை நேற்றுக் காலைதான் நான் தோய்த்து மடித்து வைத்தேன்.

இவனிடம் இன்னும் ஒன்றும் கேட்காமல் இருக்கும்,
உங்கள் மனைவி