தொய்வில்லாமல் இழுத்துக் கட்டாதே

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், அந்த ஒரு சொல்லுக்குக் கை வரமாட்டேன் என்கிறது. சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், எழுந்து அவரவர் வேலையைப் பார்க்கிறோம். நீ அங்கே உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருந்தால் அதையே எங்கள் நலமாக வைத்துக்கொள்கிறோம். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நீ பாதி கேட்டுவிட்டு சரிம்மா சரிம்மா என்று வைத்துவிடுவாய், மீதிப் பாதியில் நான் அழுதுவிடுவேன். கடிதத்தில் இரண்டு பேருக்கும் அந்த வசதி இல்லை.

அக்கா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் அத்தானின் சட்டைகளை எடுத்துத் துவைத்துக் காயப்போடுகிறாள். போடாத சட்டையில் ஏது அழுக்கு என்று அப்பா வாயெடுத்தார், நான் கண்ணைக் காட்டி அடக்கினேன். கொடி தொய்ந்து துணியெல்லாம் நடுவில் வந்து குவிகிறதே என்று அவர் தன் பங்குக்குக் கொடியை முறுக்கி இழுத்துக் கட்டினார். மறுநாள் அக்கா ஈரப் போர்வையை ஒரே வீச்சாகப் போட்டாள், சுவரில் இருந்த ஆணி காரையோடு பெயர்ந்து வந்துவிட்டது. அப்பா சுவரைத் திட்டித் தீர்த்தார். அவருக்கு இப்போது யாரையாவது திட்ட வேண்டியிருக்கிறது, சுவர் என்றால் எதிர்த்துப் பேசாது.

விஷயத்துக்கு வருகிறேன். அத்தான் கூரையிலிருந்து விழுந்து போன பிறகு நீ ஒன்று சொன்னாய். கூரையில் தூணுக்குத் தூண் படுக்கையாகக் கட்டும் அந்தக் கம்பிக்கயிறு, லைஃப்லைன், அது தொய்ந்ததால்தான் அவர் போனார், இனிமேல் என்னுடையதை நானே தொய்வில்லாமல் முறுக்கிவிட்டுத்தான் பெல்ட்டின் கொக்கியை மாட்டுவேன் என்றாய். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அப்புறம் விபத்தை விசாரிக்கும் அதிகாரி அக்காவிடம் பேச வீட்டுக்கு வந்தார். என் மகனும் இதே வேலைதான், இப்படிச் செய்யப் போகிறான் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். "அம்மா, முதல்ல அவருக்குப் போன் போடுங்க. அதை இறுக்கக் கூடாது. எவ்வளவு தொய்வு விடணும்னு கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருப்பாங்க" என்றார். இறுக்கின கயிற்றின் நடுவில் ஒரு ஆள் விழுந்தால் இரண்டு கோடியிலும் அவர் எடையைப்போலப் பல மடங்கு இழுக்குமாம், தூணே பிடுங்கிக்கொண்டு வந்துவிடுமாம். அப்பா எழுந்து போய்ப் பெயர்ந்த சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

உடனே உனக்குப் போன் போட்டேன். நீ கோபமாக ஒன்றுதான் கேட்டாய், தொய்வு நல்லதென்றால் அத்தான் ஏன் இல்லை என்று. அந்த அதிகாரியிடமே நடந்ததை முழுதாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இப்போது சொல்கிறேன், அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கயிறு அறுந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. அறுபடவில்லை. கொக்கியே மாட்டவில்லை என்று சிலர் வாய் கூசாமல் சொல்கிறார்கள். மாட்டியிருந்தார், கொக்கி மாட்டாமல் ஒரு அடி எடுத்து வைக்காத மனுஷன். அன்று காற்றில் கூரைக்குப் போடும் தகர ஷீட் ஒன்று படபடவென்று அடித்திருக்கிறது. அவரோடு வேலை பார்த்த நெட்டை, அதைப் பிடித்துக் கொடுக்க ஓடினான். ஓடியவன் அத்தான் நின்ற அதே இரண்டு தூணுக்கு நடுவில் தன் கொக்கியையும் மாட்டினான். அந்த லைன் ஒரு ஆளுக்கென்று கட்டியது. நெட்டை சறுக்கினான், அவன் எடையில் கயிறு இறங்கியபோது அத்தானையும் சேர்த்து விளிம்புக்கு வெளியே இழுத்துவிட்டது. ஒருவருக்கு விட்ட தொய்வில் இரண்டு பேர் தொங்கினால் இன்னும் கீழேதானே போகும். விழுகிற வேகத்தைக் குறைக்க பெல்ட்டில் மடித்துத் தைத்த பட்டை பிரிந்து நீளுமாமே, அதுவும் நீண்டது. அப்படியும் கீழே வெறும் தரையாக இருந்திருந்தால் கால்கூடப் பட்டிருக்காதாம். ஷீட் கொண்டுவந்த லாரியை, தூக்கிக் கொடுக்க வசதி என்று நேர் கீழே நிறுத்தியிருந்தார்கள். நெட்டை லாரிக்குப் பக்கத்தில் தொங்கினான், லாரியில் கால் இடித்ததோடு போயிற்று. அத்தான் லாரியின் மேல் மோதினார். கயிறு கடைசிவரை அவரைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தது. 

நெட்டை காலில் கட்டோடு வந்து வாசலில் நின்றான். நீ அவன் பெயரை எடுத்தாலே கொதிக்கிறாய், நானும் அன்று உள்ளே வா என்று சொல்லவில்லை. அக்காதான் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நீங்க உதவிக்குத்தானே ஓடினீங்க. அவரா இருந்தாலும் ஓடியிருப்பாரு" என்றாள். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான், நானும் அழுதேன். அப்புறம் யோசித்தேன், நீயும் ஓடுகிறவன்தான். யாராவது கை கொடு என்றால் முன்பின் பார்க்க மாட்டாய். 

அடுத்த மாதம் நீ சொன்ன அந்த நீளமான கூரையில் ஏறப் போகிறாய். லைனைக் கட்டத் தெரிந்தவர்தான் கட்ட வேண்டும், கயிற்றை இறுக்கும் திருகுமறையை நீ தொடாதே. இரண்டு தூணுக்கு நடுவில் எத்தனை பேர் மாட்டலாம் என்று கேள், கேட்டால் குறைந்துபோக மாட்டாய். தூணைத் தாண்டும்போது பெல்ட்டின் இரண்டு கொக்கியில் ஒன்றை அந்தப் பக்கம் மாட்டிய பிறகு மற்றதை எடு. ஒரு தடவை விழுந்த யாரையாவது தாங்கிய கயிறு என்றால் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் அதில் மாட்டாதே. போர்மேன் முறைத்தால் முறைத்துவிட்டுப் போகட்டும், என் பிள்ளை முறைப்பில் செத்துவிட மாட்டான். வேளாவேளைக்குச் சாப்பிடு, வெறும் வயிற்றோடு ஏறாதே.

நீ நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும், இதைத் தவிர எனக்குக் கேட்க வேறொன்றும் இல்லை. அப்பாவும் இதையே சொல்லச் சொன்னார், அக்கா பக்கத்தில் உட்கார்ந்து தலையசைக்கிறாள். ஒன்றை மட்டும் மறக்காதே. கூரையில் ஏறும் அன்று உன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பாதே, அது எனக்கு மனப்பாடம். நீ நிற்கப்போகும் இடத்துக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்று எடுத்து அனுப்பு. வெறும் தரையைப் பார்த்தால் எனக்குப் போதும்.

இப்படிக்கு,
உன் அம்மா