கராச்சியில் மாலை வாங்கிய பிறகு கிளம்பிய விமானம்

அனுப்புநர்:
கா. வேலுச்சாமி,
தோட்டப் பணியாளர்,
தொழிலாளர் கேம்ப், ருவைஸ்.

பெறுநர்:
திரு. கௌஸ் முகம்மது அவர்கள்,
தமிழ்ப் பிரிவுப் பொறுப்பாளர்,
கடற்கரை விமானக் காட்சிக்கூடம், ருவைஸ்.

பொருள்: வரிசை மாற்றி மாட்டிய தமிழ்ப் பலகைகளைத் திருத்தி மாட்டக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு வயது அறுபத்துமூன்று. எழுதப் படிக்கக் கற்றது இந்த ஆண்டுதான். எங்கள் கேம்ப் நர்ஸ் சுகிர்தராணி அம்மா ஞாயிறுதோறும் சர்ச்சுக்குப் போய்வந்து எங்களுக்குப் பாடம் நடத்துகிறார். நானே ஒரு மனு எழுதுவது இதுவே முதல் முறை. எழுத எழுத மகிழ்ச்சியாக இருக்கிறது. எழுத வேண்டி வந்த காரணத்தை நினைத்தால்தான் எரிச்சல் வருகிறது.

1. நூறு ஆண்டுகளுக்கு முன் லண்டனிலிருந்து கராச்சிக்குச் சிறிய விமானத்தில் பறந்த இரண்டு விமானிகளின் கதை தங்கள் கூடத்தில் நான்கு பலகைகளாக உள்ளது. நான் முழுதாகப் படித்த முதல் கதை அதுதான். இடப்பக்கத்திலிருந்து விரல் வைத்துப் படித்தேன். முதல் பலகையில் கராச்சியில் மாலை போடுகிறார்கள். அடுத்ததில் இந்தக் கரை மீனவர்கள் விமானத்தைக் கயிறு கட்டி இழுத்து, படகுப் பாயை வெட்டி இறக்கைக்கு ஒட்டுப் போடுகிறார்கள். மூன்றாவதில் புயற்காற்றில் இறக்கை கிழிந்து விமானம் மணலில் விழுகிறது. கடைசியில் இருவரும் லண்டன் புல்வெளியில் நின்று கையசைக்கிறார்கள்.

2. ஒட்டு நிற்காமல் விமானம் விழுந்தது, இருவரும் எப்படியோ ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று எடுத்துக்கொண்டேன். வாசலில் கஹ்வா என்னும் அரபுக் காப்பி ஊற்றித் தரும் அரபுப் பெரியவர் அபு சாலிமிடம், படித்துவிட்ட பெருமையில், எனக்குத் தெரிந்த இந்தியில் அதைச் சொல்லியும் விட்டேன். அந்த ஒட்டைத் தைத்தவர்களில் அவருடைய தந்தையும் ஒருவர் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அன்று முதல் அவர் எனக்குக் கஹ்வா தருவதில்லை. முகம் பார்ப்பதும் இல்லை.

3. என் ரூமில் இருக்கும் விஜயபாஸ்கர், "யோவ் பெருசு, மாலையை வாங்கிட்டா கிளம்பினானுங்க?" என்று கேட்டுச் சிரித்தான். அடுத்த ஞாயிறு சுகிர்தராணி அம்மாவே வந்து பார்த்து, என்னை வலது ஓரத்துக்கு அழைத்துப்போய் அங்கிருந்து படிக்கச் சொன்னார். மேலே அரபி வரிசையை மாட்டியவர்கள், அதே கையோடு எங்கள் பலகைகளையும் வலமிருந்து இடமாக மாட்டிவிட்டார்கள். அந்த ஒட்டு கராச்சி வரை நின்றிருக்கிறது, ஐயா!

4. மாட்டியவர்களிடம் சொன்னேன். ரசமட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "பாயி, சீதா ஹை, கலாஸ்" என்றார்கள்; நேராக இருக்கிறது, வேலை முடிந்தது என்று அர்த்தம். பலகை கோணவில்லை என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். வரவேற்பில் இருக்கும் அஃப்னா என்ற பெண், சுவரில் உள்ள கட்டத்தை போனில் ஸ்கேன் செய்து புகார் போடச் சொன்னது. அது ஆங்கிலத்தில் திறந்தது. தமிழையே இப்போதுதான் முடித்திருக்கிறேன். இன்னொரு அலுவலர், வருகிறவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள், இதையெல்லாம் யார் படிக்கிறார்கள் என்று கேட்டார். நான் படித்தேன், ஐயா.

5. அபு சாலிமிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "சுவரில் இன்னும் அப்படித்தானே இருக்கிறது?" தமிழ் தெரிந்த ஒவ்வொருவரும் அவருடைய தந்தையின் தையல் பிரிந்ததாகவே படித்துவிட்டுப் போகிறார்கள் என்று அவர் நினைக்கிறார். அவர் நினைப்பதில் தவறும் இல்லை.

அடுத்த மாதம் விசா முடிந்து நான் ஊருக்கே போகிறேன். அதற்குள் ஒரு ஆளை ஸ்க்ரூ டிரைவருடன் அனுப்பிப் பலகைகளை இடம் மாற்றி மாட்டித் தர வேண்டுகிறேன். பலகைகளுக்கு எண்ணும் போட்டால் நல்லது. வேலை முடிந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். அபு சாலிமை அந்தச் சுவர் முன் உட்காரவைத்து, இடப்பக்கத்திலிருந்து சத்தமாகப் படிக்கப் போகிறேன். சுகிர்தராணி அம்மா அதை அவருக்கு இந்தியில் சொல்வார். அவருடைய தந்தை தைத்த பிறகு அந்த விமானம் மேலே ஏறியதை அவர் என் வாயாலேயே கேட்க வேண்டும்.

இடம்: ருவைஸ்
நாள்: 9.11.2025

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
கா. வேலுச்சாமி