வெளியே நின்றவர்கள்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தங்கச்சி எழுதிக்கிறது. இங்கே வந்ததும் போனை வாங்கிப் பூட்டி வச்சிட்டாங்க. பயிற்சி முடியறவரைக்கும் கடிதம்தான். என் கோழிக்கிறுக்கலைப் படிக்கணும்னு உன் தலையில எழுதியிருக்கு.

அடுப்பு பத்தவைக்கவே முகத்தைச் சுளிக்கிறவ தீயணைக்கப் போறாளாம்னு சிரிச்சியே, இப்ப வந்து பாரு. முதுகுல காத்து சிலிண்டரைக் கட்டிக்கிட்டு, புகை அறைக்குள்ள முட்டிபோட்டு, ஒரு கையால சுவரைத் தடவிக்கிட்டே போகணும். கையை எடுத்தா வழி தெரியாது. முட்டி ரெண்டும் தோல் உரிஞ்சு போச்சு. அத்தானும் இப்படித்தானே உரிஞ்ச முட்டியோட வீட்டுக்கு வருவார்னு நினைச்சேன்.

திங்கட்கிழமையிலேர்ந்து வியூக வகுப்பு. எங்கே முதல்ல தண்ணி அடிக்கணும், எப்ப ஆளை உள்ளே அனுப்பணும், எப்ப அனுப்பக் கூடாது, எல்லாம் அதுலதான். நடத்துறவர் யாருன்னு சொன்னா நீ இந்தக் கடிதத்தைக் கிழிச்சாலும் கிழிப்பே. அத்தான் வேலை பார்த்த தீயணைப்பு நிலையத்தோட அதிகாரி. மெத்தைக் குடோன் தீயில அத்தான் போனப்ப வெளியே நின்னாரே, அவரேதான். நான் யாருன்னு அவருக்குத் தெரியாது.

நேரத்துக்குச் சாப்பிடு. என் மேல கோபப்படாதே.

உன் தங்கச்சி

ஜூன் 12

அன்புத் தங்கச்சிக்கு,

கிழிக்கலை. நாலு தரம் படிச்சேன். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருக்கு.

அன்னைக்கு நடந்தது உனக்கும் தெரியும், இருந்தாலும் சொல்றேன். வாட்ச்மேன் மாட்டிக்கிட்டான்னு நினைச்சு உன் அத்தானும் இன்னொருத்தரும் உள்ளே போனாங்க. அந்த வாட்ச்மேன் எதிர்க்கடையில டீ குடிச்சிக்கிட்டிருந்தான். எல்லாரும் வெளியே வாங்கன்னு இந்த ஆள் உத்தரவு போட்டார். இன்னொருத்தர் வந்துட்டார், இவர் வரலை. உள்ளேயிருந்து வாக்கி-டாக்கியில உதவிக்குக் கூப்பிட்டார். ரெண்டு பேர் உள்ளே போகத் தயாரா நின்னாங்க. அந்த ஆள் குறுக்கே கையை நீட்டி மறிச்சிட்டார். கூப்பிட்ட குரல் எல்லார் காதுலயும் விழுந்துதாம்!

எழவுக்கு அந்த ஆள் வந்தப்ப வாசலோட திருப்பி அனுப்பினேன். ஒரு வார்த்தை கேட்கலை. வாயில பூட்டா போட்டிருந்ததுன்னு இன்னும் மனசு ஆறலை. எனக்காக நீ கேளு. தனியா இல்லை, அத்தனை பேர் முன்னாடி. ஏன் யாரையும் அனுப்பலைன்னு நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேளு. வேற எதுவும் உன்கிட்ட நான் கேட்டதில்லை.

முட்டிக்கு எண்ணெய் தடவு, வீம்பு பண்ணாதே.

அக்கா

ஜூன் 29

தங்கச்சிக்கு,

கேட்டியா? ரெண்டு வரி எழுதினா கை தேஞ்சிடுமா? தபால்காரர் சைக்கிள் மணி கேட்டா வாசலுக்கு ஓடறேன். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கிறா.

அக்கா

ஜூலை 3

அன்புள்ள அக்கா,

கேட்கலை. ஏன்னு சொல்றேன், முழுசாப் படிச்சிட்டுத் திட்டு.

வகுப்புல ஒரு பெரிய மேஜை. அட்டையில கட்டடம், தீப்பெட்டிதான் வண்டிங்க, சட்டைப் பட்டன்தான் ஆளுங்க. ஒருத்தர் அதிகாரியா நின்னு உத்தரவு போடணும். நேத்து என் முறை. எரியறது துணிக் கிடங்கு, உள்ளே ஆள் இருக்கலாம்னார் அவர். ரெண்டு பட்டனை அனுப்பினேன். புகை கறுத்துத் திமிறிக்கிட்டு வெளியே தள்ளுது, கூரை நடுவுல தொய்யுதுன்னார். எல்லாரும் வெளியே வாங்கன்னேன். ஒண்ணுதான் வந்தது. "இன்னொருத்தர் உள்ளேயிருந்து கூப்பிடறார். ரெண்டு பேர் போகத் தயார். என்ன செய்றீங்க?"ன்னு கேட்டார்.

"யாரும் போகக் கூடாது"ன்னேன். கூரை விழப்போகுது அக்கா, போனா மூணு உயிர். உடனே சொல்லிட்டேன், குரல்கூட நடுங்கலை. சரியாச் சொன்னோம்னு உள்ளுக்குள்ள பெருமை வேற.

அப்புறம்தான் சொன்னார், இது துணிக் கிடங்கு இல்லை, மெத்தைக் குடோன், நான் அங்கே நின்னேன்னு. யாருக்காவது கேள்வி இருக்கான்னார். எழுந்தேன். நீ கேட்கச் சொன்னதை எந்த வாயால கேட்பேன்? உட்கார்ந்துட்டேன்.

வகுப்பு முடிஞ்சதும் போய் நான் யாருன்னு சொன்னேன். அவர் பட்டன்களைப் பொறுக்கி டப்பாவுல போட்டுக்கிட்டிருந்தார். டப்பாவை மூடிட்டு, "அக்கா எப்படி இருக்காங்க?"ன்னார்.

கேட்டேன், தலைகுனிஞ்சு நின்னார்னு உனக்குப் பொய் எழுதியிருக்கலாம். உன்கிட்ட என்னால முடியாது. அவர் செஞ்சது சரிதான் அக்கா. எழுதக் கை கூசுது, ஆனா சரி.

மாசக் கடைசியில பயிற்சி நிறைவு விழா. நீ வரணும். நீ வராம நான் அந்த உடுப்பைப் போட மாட்டேன்.

உன் தங்கச்சி

ஜூலை 20

தங்கச்சிக்கு,

ரெண்டு பதில் எழுதிக் கிழிச்சுப் போட்டேன். இது மூணாவது.

நீ சொன்னது சரி. நான் ஒண்ணும் விவரங்கெட்டவ இல்லை, தீயணைப்புக்காரர் பொண்டாட்டி. கொஞ்ச நேரத்துல கூரை விழுந்ததும் தெரியும், அந்த ரெண்டு பேர் உயிரோட வீடு திரும்பினதும் தெரியும். அதுல ஒருத்தருக்கு அப்ப கைக்குழந்தை. நல்லா இருக்கட்டும்.

புத்திக்குத் தெரியுது, பாழாப்போன மனசுக்குத் தெரியலையே. நீ இந்த வேலைக்குப் போறேன்னப்ப எல்லாரும் தடுத்தாங்க. நான் மட்டும் ஏன் சரின்னேன்? உன் அத்தான் கூப்பிட்டப்ப நீ அங்கே இருந்திருந்தா, யார் மறிச்சாலும் தள்ளிவிட்டுட்டு நீ உள்ளே பாஞ்சிருப்பே, அப்படின்னு நம்பினேன். இத்தனை நாள் அதை நினைச்சுத்தான் படுத்து எழுந்தேன். நீ என்னடான்னா ஒரு பட்டனைத் தேடக்கூட ஆள் அனுப்பலைன்னு எழுதறே.

அந்த ஆளைத் திட்டித்தான் என் பொழுது ஓடுச்சு. இப்ப வாயைத் திறந்தா அவர் பக்கத்துல நீயும் நிக்கறே. உன்னைத் திட்ட எனக்கு வராது. அதனால அவரையும் திட்ட முடியலை. இனி நான் யாரைத் திட்டுவேன், சொல்லு?

விழாவுக்கு நான் வரலை. உடுப்பைப் போட்டுக்கோ, அடம்பிடிக்காதே. லீவு கிடைச்சா அம்மா வீட்டுக்குப் போ, இங்கே வராதே. நல்ல அதிகாரியா வருவே, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை.

கடிதமும் போடாதே. வந்தா பிரிச்சுடுவேன், பிரிச்சா உன்னை மன்னிச்சுடுவேன். உன் அத்தான் கூப்பிட்டு யாரும் போகலைங்கிறதை மன்னிக்க எனக்கு இஷ்டமில்லை.

அக்கா