பின்னிறகின் முக்கோணம்

ஜனவரி 17, 1990. புதன்

பனி நிற்கவில்லை. பல்கலைக்கழகம் திறக்கும் தேதி மூன்றாவது முறையாகத் தள்ளிப் போய்விட்டது. பெய்ரூட்டுக்குக் கட்டிவைத்த பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஐன் ஹஜலில், அப்பாவின் இந்த வீட்டில், அடுப்பாவது எரிகிறது.

பாரீஸ் பேராசிரியரின் கடிதம் ஏழு வாரம் சுற்றி வந்து சேர்ந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருக்கிறார். என் கல்லில் பதிந்திருக்கும் தட்டான்பூச்சி அழிந்துபோன ஈஸ்க்னிடியிடே குடும்பம் இல்லையாம். இன்றைக்கும் குளம் குட்டையெல்லாம் பறக்கின்றனவே, அந்தச் சாதாரணத் தட்டான்களின் வம்சத்தில் மிகப் பழையதாம். பதினோரு வருடமாக நான் சொல்லிவருவதற்கு நேர் எதிர்.

கோபம் தணிய ஒருமுறை எழுதிப் பார்க்கிறேன். என் கல்லில் இருப்பது முன்னிறகின் அடிப்பகுதி மட்டும். மற்றதெல்லாம் துருக்கறை. அடியில் இறகு நரம்புகள் கட்டிய முக்கோண அறை இறகுக்குக் குறுக்கே நிமிர்ந்து நிற்கிறது. இரண்டு குடும்பத்திலும் முன்னிறகில் அப்படித்தான். பின்னிறகில்தான் வழி பிரிகிறது. ஈஸ்க்னிடியிடே என்றால் அங்கேயும் நிமிர்ந்து நிற்கும். மற்றது என்றால் நீளவாக்கில் படுத்திருக்கும். ஜுராசிக்கில் ஜெர்மனியில் பறந்து, சீனா, பிரேசில், ஆஸ்திரேலியா வரை பரவி, கிரெட்டேசியஸ் காலத்தோடு ஒன்றுகூட மிச்சமில்லாமல் போன குடும்பம். அதன் கடைசிகளில் ஒன்று ஒன்பதரைக் கோடி ஆண்டுக்கு முன் நம் மலையில் விழுந்தது. இது என் கட்சி.

பின்னிறகு கல்லின் மறுபாதியில் இருக்கிறது. பலகைக்கல்லைப் பிளந்தால் இரண்டு முகம். என்னிடம் ஒன்று.

மத்தியானம் தனூஸ் வந்தார். மேலே இருக்கும் குவாரி அவருடையது. நான் பெயர் வைத்த பூச்சிகள் எல்லாம் அவர் பிளந்து எடுத்தவை.

"மறுபாதிய நான் எறியலைங்க டீச்சரம்மா. கொட்டகைக்குப் பின்னாடி நானூறு கல்லு அடுக்கி வெச்சிருக்கேன். பனி உருகட்டும், தேடித் தர்றேன்."

"இதையேதான் மூணு வருஷமா சொல்றீங்க."

"மூணு வருஷமா பனி பெய்யுதே, நான் என்ன பண்ணட்டும்?"

அவர் மனைவி ஹில்வே கொடுத்தனுப்பிய மர்கூக் ரொட்டியை லப்னே கெட்டித்தயிர் தடவி நின்றபடியே தின்றேன்.

ஜனவரி 31

ரேடியோ காலையிலிருந்து அலறுகிறது. ராணுவமும் நம் பக்கத்து மிலிஷியாப் படையும் ஒருவரை ஒருவர் சுட ஆரம்பித்துவிட்டார்கள். பதினைந்து வருடம் மற்றவர்களோடு சண்டை. இப்போது நமக்குள். இரண்டு பக்கமும் கழுத்தில் ஒரே சிலுவை.

தம்பி நவூம் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. யாரிடம் பொய் சொல்கிறேன்? அவன் எங்கே இருப்பான் என்று எனக்குத் தெரியாதா.

பிப்ரவரி 6

வந்துவிட்டான். பன்னிரண்டு மிலிஷியா ஆட்கள், ஒரு லாரி, அதன் பின்னால் ஒரு பீரங்கி. தாடி வளர்ந்திருக்கிறது. என்னைக் கட்டிக்கொண்டான், வெடிமருந்து நெடி.

பீரங்கியைக் குவாரிக்குள் வைத்தார்கள். மூன்று பக்கமும் பாறைச் சுவர், அதைவிட நல்ல இடம் இல்லையாம். தனூஸ் வழியில் போய் நின்றார். நானும் பின்னாலேயே ஓடினேன்.

"நவூம், கீழே வீடுங்க இருக்கு. நீ ஒண்ணு போட்டா அவன் பத்து போடுவான். அது எங்க தலையிலதான் விழும்."

"பெருசு, ஒதுங்கிப் போ."

"இது எங்கப்பன் வெட்டின குவாரிடா."

சிவப்புத் தலைமுடிக்காரன் ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் வாயிலேயே அடித்தான். சத்தம் கல்லில் கல் படுகிற மாதிரி இருந்தது. தனூஸ் மண்டியிட்டு, இரண்டு பல்லைக் கையில் துப்பி, எதையோ பிரித்துப் பார்க்கிறவர் போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நவூம் அடிக்கச் சொல்லவில்லை. நிறுத்தவும் இல்லை.

"உள்ள போக்கா" என்றான். நானும் வந்துவிட்டேன். வந்துவிட்டேனே.

பிப்ரவரி 9

பீரங்கியைச் சுற்றிக் காப்புச்சுவர் கட்டுகிறார்கள். மணல் மூட்டை போதவில்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்த நானூறு கல்லையும் அடுக்கிவிட்டார்கள். மீன், இறால், இலை, என் மறுபாதி, எல்லாம் அதற்குள்.

நவூமிடம் போய்க் கேட்டேன். ஆட்கள் சிரித்தார்கள்.

"அக்கா, பூச்சிக்காகவா வந்தே? நான் நெனச்சேன், தம்பி சாப்பிட்டானான்னு கேக்க வந்தியோன்னு."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"பட்டினி கெட" என்று சொல்லிவிட்டு வந்தேன். பிறகு பருப்புச் சோறு, முஜத்தரா செய்து தூக்கில் போட்டு அனுப்பினேன். அவனுக்கு ஏழு வயதிலிருந்து சோறு போட்ட கை. அது என் பேச்சைக் கேட்பதில்லை.

பிப்ரவரி 13

பகல் முழுக்கச் சுடுகிறார்கள். ஜன்னல் கண்ணாடி போய்விட்டது. உருப்பெருக்கியைப் போர்வையில் சுற்றி அலமாரிக்குள் வைத்தேன்.

பிப்ரவரி 20

காலை பத்து மணிக்கு ராணுவத்தின் பதில் குண்டுகள் வந்தன. தனூஸ் சொன்ன பத்து அல்ல. நாற்பதுவரை எண்ணினேன், பிறகு எண்ணவில்லை.

ஹில்வே ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்தில் குண்டு. நான் போனபோது தனூஸ் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, கவிழ்ந்து கிடந்த இரும்புச் சட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டிருந்தார். நிமிர்த்துவார், அது சாயும், மறுபடி நிமிர்த்துவார். ஹில்வேயின் முகத்தில் ஒரு கீறல் இல்லை. இடுப்புக்குக் கீழே... வேண்டாம். எழுத மாட்டேன்.

போர்வை கொண்டுவந்து மூடினேன். மாவு ஒட்டிய கையை மட்டும் மூட முடியவில்லை, அவர் பிடித்திருந்தார்.

பிப்ரவரி 22. வியாழன்

அடக்கம். பாதிரியார் அவசரமாகப் படித்தார், எல்லோர் காதும் வானத்தில். நவூம் நான்கு பேரோடு வந்து கடைசியில் நின்றான். வராமல் இருந்திருக்கலாம்.

தனூஸ் மண் போட்டுவிட்டு நேராக அவனிடம் நடந்தார். வாயில் பல் இல்லாததால் வார்த்தை வழுக்கியது. ஆனாலும் ஊர் முழுக்கக் கேட்டது.

"எண்ணிப் பாத்தியா? உங்க ஆளு ஒருத்தன்கூட சாகலை. செத்தது இவ ஒருத்திதான். உனக்கு எத்தனை தடவ ரொட்டி குடுத்திருப்பா!"

முகத்தில் துப்பினார். ரத்தமும் எச்சிலுமாக நவூமின் தாடியில் வழிந்தது. அவன் துடைக்கவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. சின்ன வயதிலும் அடிப்பதற்கு முன் அவன் இப்படித்தான் அசையாமல் நிற்பான்.

பிப்ரவரி 23

 எழுதியே ஆக வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வைத்துக்கொள்வேன்.

காலையில் தனூஸின் பக்கத்து வீட்டுக்காரி ரஃப்கா ஓடி வந்தாள். "தனூஸ ஆலிவ் செக்கு நிலவறைக்கு இழுத்துட்டுப் போயிட்டாங்க. ராணுவத்துக்கு எடம் காட்டிக் குடுத்தாராம். போ யூவெட், உன் தம்பி நீ சொன்னாத்தான் கேப்பான்."

கீழே இறங்கும்போதே குரல் கேட்டது.

"பீரங்கி இருக்கிற எடத்த யாரு சொன்னது?"

"என் பொண்டாட்டி தலையில போடுன்னு நானே சொல்லுவேனாடா?"

பிறகு கல்லில் கல் படுகிற அந்தச் சத்தம். பிறகு தனூஸின் அலறல்.

செக்குக் கல்லின் மேல் அவருடைய வலது கையைச் சிவப்புமுடிக்காரன் அழுத்திப் பிடித்திருந்தான். நவூமிடம் குவாரிச் சுத்தியல். தனூஸுடையதே. சுட்டுவிரல் ஏற்கெனவே தட்டையாகிவிட்டிருந்தது.

"நவூம்" என்றேன்.

"வெளிய போ."

"அவர் கைடா அது. அந்தக் கைதான்டா அவருக்கு எல்லாம்."

"தெரிஞ்சுதான் அடிக்கிறேன்."

இன்னும் இரண்டு அடித்தான். இரண்டு விரல். நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? நின்றேன். மூன்று விரல் போகும்வரை நின்றேன். அடுத்ததற்கு ஓங்கும்போது அவன் கையிலிருந்து சுத்தியலைப் பிடுங்கினேன். என்னிடமிருந்து அவன் எதிர்பார்க்கவே இல்லை, அதனால்தான் வந்தது. முழங்காலில் அடித்தேன். விழுந்தான். மறுபடி அதே முழங்காலில் அடித்தேன்.

முதல் அடிக்குக் காரணம் சொல்வேன். இரண்டாவதற்கு என்ன சொல்வது? அவன் ஏற்கெனவே விழுந்துகிடந்தான். எனக்கு அடிக்க வேண்டும் போல இருந்தது. அவ்வளவுதான். நன்றாக இருந்தது. கடவுளே, நன்றாக இருந்தது.

சிவப்புமுடிக்காரன் துப்பாக்கியை என் நெற்றிக்கு நேராகத் தூக்கினான். தரையிலிருந்து நவூம் கத்தினான்.

"சுடாதடா! எங்கக்காடா!"

பிப்ரவரி 24

நவூமை ஜுபைல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள், தனூஸை அங்கேயே விட்டுவிட்டு. என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 11

தனூஸின் கைக்கு நான்தான் கட்டு மாற்றுகிறேன். மூன்று விரலும் மடங்காது. வைத்தியர் ஒன்றை வெட்டிவிடலாம் என்றார், தனூஸ் மறுத்துவிட்டார்.  நான் வரும்போது கையை நீட்டுவார், முடிந்ததும் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார். இன்று ஒன்று கேட்டார்.

"அவனுக்கு ரெண்டு முழங்காலும் போச்சா?"

"ஒண்ணுதான்."

"ம்."

ஏப்ரல் 19. வியாழன்

பீரங்கியைக் கடற்கரைப் பக்கம் இழுத்துப் போய்விட்டார்கள். குவாரி முழுக்கக் குப்பை, மலம், குண்டுகளின் பித்தளைக் குழல்கள். காப்புச்சுவர் பாதி சிதறிக் கிடக்கிறது. தனூஸ் இடது கையால், நான் இரண்டு கையால், ஒவ்வொரு கல்லாக எடுத்துத் துடைத்தோம். நான்கு நாளாக இதே வேலை. அவரைக் கூப்பிடவில்லை, தானாகத்தான் வந்தார்.

இன்று பதினோரு மணிக்குக் கல் கிடைத்தது. ஒரு மூலையைக் குண்டுச் சில்லு கொண்டுபோயிருக்கிறது. மிச்சம் முழுசு. எச்சில் தொட்டுத் துடைத்து, கைப் பூதக்கண்ணாடியை வைத்தேன்.

பின்னிறகு. அடிப்பகுதி தெளிவாக இருக்கிறது. முக்கோணம் நீளவாக்கில் படுத்திருக்கிறது.

திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெயிலில், நிழலில், ஈரமாக, காய்ந்து. படுத்துத்தான் இருக்கிறது. பேராசிரியர் சொன்னதுதான் சரி. பதினோரு வருடம். வெட்கமாக இருக்கிறது, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஹில்வே போனபோது எனக்கு அழுகை வரவில்லை.

"என்ன, ஒடஞ்சிருக்கா?"

"இல்லண்ணே. நான் சொன்னது தப்பு. இது அழிஞ்சுபோன குடும்பம் இல்ல. இன்னிக்கு வரைக்கும் இருக்கிற குடும்பம்."

தனூஸ் கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தார். முதல்முறையாக என்னை 'நீ' போட்டுப் பேசினார்.

"ஒரு குடும்பம் பொழச்சிருக்குன்னு தெரிஞ்சு ஒக்காந்து அழறே. எந்திரிச்சு எங்க வீட்ட வந்து பாரு."

எழுந்தேன். 

மே 5

பாரீஸுக்கு எழுதிவிட்டேன். எட்டு வரி. அளவுகள், படம், 'என் கருத்து தவறு' என்ற ஒரு வாக்கியம். அதை எழுத அரைநாள் ஆனது. தபால் எப்போது போகுமோ.

ஜூன் 2

நவூமைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்கள். மிலிஷியாவுக்கு இனி அவன் வேண்டாம். வலது கால் குச்சி மாதிரி, மடங்காது. அப்பாவின் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறான். சோறு வைத்தேன், தின்றான்.

"ரெண்டாவது எதுக்குக்கா அடிச்சே?"

ஒருவேளை இந்தக் கேள்விக்காகத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தேனோ.

"தெரியல."

"எனக்கும் தெரியல" என்றான். அவன் எதைச் சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 17

தனூஸின் வாசல்வரைக்கும் ஊன்றுகோலோடு போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறான். ரஃப்கா சொன்னாள். கதவு திறக்கவில்லையாம்.

திறக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஜூலை 14

தனூஸுக்கு இடது கையால் சுத்தியல் பிடிக்க வந்துவிட்டது. உளியைப் பிடிக்கத்தான் வலது கை உதவாது. போன வாரம் முழுக்க உளியைக் கல்லுக்கு இடையில் ஆப்பு வைத்து நிறுத்திப் பார்த்தார், சரிவரவில்லை. இன்று காலை என் வாசலில் நின்று, "சும்மாத்தானே இருக்கே, வா" என்றார்.

உளியை நான் பிடித்தேன். குறி தவறி மூன்றாவது அடி என் கட்டைவிரலில் இறங்கியது. நகம் உடனே கறுத்துவிட்டது. கண்ணில் நீர் வந்தது. தனூஸ் சுத்தியலைத் தாழ்த்திக்கொண்டு நின்றார். போய்விடுவாள் என்று நினைத்திருப்பார்.

விரலை வாயில் வைத்து எடுத்துவிட்டு, உளியைப் பழைய இடத்தில் வைத்துப் பிடித்தேன்.

"அடிங்க."

அடித்தார்.