ரயில்வே கேட் வளைவில் உங்கள் வண்டிச் சத்தம்

அத்தான்,

எதிர் வீட்டு அச்சாபீஸ்காரர் மகள் புதுக் கார் வாங்கியிருக்கிறாள். டர்போ வைத்த வண்டியாம். வாங்கிய சூடு ஆறுவதற்குள் அதன் சைலன்சரைக் கழற்றிப் போட்டுவிட்டு, கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்த புதுக் குழாயை மாட்டியிருக்கிறாள். இன்று காலை அதை முதன்முதலாக முடுக்கினாள். புது இரும்பு முதல் தடவை சூடேறும்போது எண்ணெயும் பெயிண்டும் சேர்ந்து கருகுமே, அந்த வாடை ஜன்னல் வழியாக அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. தாளிக்க வைத்த எண்ணெய்தான் புகைந்துவிட்டது என்று நினைத்து அடுப்பை அணைத்தேன். பிறகும் போகவில்லை. எத்தனை துவைத்தாலும் உங்கள் சட்டைகளை விட்டுப் போகாமல் கிடந்த வாடை அது.

கொஞ்ச நேரத்தில் அவளே வாசலுக்கு வந்து, "சத்தம் தொந்தரவா இருக்கா பெரியம்மா?" என்று கேட்டாள். இதெல்லாம் ஒரு சத்தமா என்று சொல்லி அனுப்பினேன். நீங்கள் இருந்திருந்தால் இந்நேரம் அவள் வண்டிக்கு அடியில் படுத்திருப்பீர்கள். இன்னொரு வேட்டி வீணாய்ப் போயிருக்கும்.

நான் வாக்கப்பட்டுத் திருத்தங்கலுக்கு வந்த வருஷமே நம் வீட்டுக்கு அந்த வண்டியும் வந்தது. மலையில் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குக் கிளம்பிய துரை ஒருவரிடம் வாங்கினீர்கள். இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். கூரை கிடையாது. தவளை மாதிரி தரையோடு ஒட்டிக் கிடக்கும் பச்சை வண்டி. மாமா அதை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல எம்புட்டு லோடு ஏத்தலாம்?" என்று கேட்டார். உங்கள் அப்பாவுக்குச் சக்கரம் வைத்தது எதுவானாலும் அதில் பட்டாசுப் பெட்டி ஏற வேண்டும். "லோடு ஏத்துற வண்டி இல்லப்பா, ஓட்டுற வண்டி" என்றீர்கள். அவர் நம் பட்டாசுக் கம்பெனிக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மற்ற வண்டிகளில் இல்லாத ஓர் ஊதுபெட்டி அந்த இன்ஜினில் இருந்தது. காற்றை அழுத்தி உள்ளே திணிக்கும். இப்போது டர்போ என்கிறார்களே, அதற்கு அண்ணன் முறை என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பெட்டி முழுத் தெம்போடு வேலை செய்யவில்லை என்று உங்களுக்குத் தீராத குறை. சாப்பிடும்போது இலையில் சோற்றைக் குவித்து, நடுவில் விரலால் கோடு கிழித்து எனக்குப் பாடம் நடத்துவீர்கள். "காத்த உள்ள திணிச்சாப் போதுமா புள்ள? பொக வெளிய போக வழி வேணும்ல. இந்தச் சைலன்சர் கொழாய் சுண்டுவெரல் தண்டி இருக்கு. வயிறு உப்புன மாடு கணக்கா வண்டி தெணறுது." நான் ரசம் ஊற்றலாமா என்று கேட்பேன். அந்தக் கோட்டிலேயே ஊற்றச் சொல்வீர்கள்.

விருதுநகரில் பட்டறை வைத்திருந்த உங்கள் சேக்காளி ராசையா அண்ணனும் நீங்களும் கூடிப் பேசி, சைலன்சரே வேண்டாம் என்ற முடிவுக்கு வந்தீர்கள். கிணற்று பம்புசெட்டில் போடுகிற கனத்த குழாயை வளைத்து, இன்ஜினிலிருந்து வண்டியின் வால் வரைக்கும் ஒரே குழாயாகப் பற்றவைத்தீர்கள். "இனிமே பொக ராசா மாதிரிப் போகும்" என்றாராம் ராசையா அண்ணன்.

நம் ஊரில் சத்தத்துக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நாடு முழுவதற்கும் வெடி செய்து அனுப்புகிற ஊரில், கம்பெனி நடக்கிற நேரத்தில் ஒருவரும் வெடி போட மாட்டார்கள். கல்யாண ஊர்வலமானாலும் சாமி புறப்பாடானாலும் கம்பெனிகளைப் பூட்டிய பிறகுதான் வேட்டு. பகலில் டமார் என்று ஒன்று கேட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கம்பெனிக்குள் இருப்பவர்கள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வெட்டவெளிக்கு ஓட வேண்டும். ஊருக்குள் இருப்பவர்கள் மாடி ஏறிப் புகை எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டு அங்கே ஓட வேண்டும். அத்தை எனக்கு இந்த வீட்டில் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான். அடுப்பு எங்கே இருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் காட்டினார்.

இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த உங்களுக்கு இதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. வேகமாகப் போகிற வண்டியில் சட்டென்று காலைத் தளர்த்தினால், எரியாத பெட்ரோல் சூடான குழாய்க்குள் போய் வெடிக்கும் என்பதுதான் உங்கள் இருவருக்கும் தெரியாமல் போயிற்று.

அன்று மத்தியானம் நான் மாடியில் வடகத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். நம் பெண் வயிற்றில் இருந்தாள். குனிந்தால் நிமிர முடியாத நாட்கள். சத்தம் கேட்டது. ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நம் கம்பெனி இருக்கும் திசை. புகையைத் தேடினேன், காணவில்லை. புகை தெரிந்தாலாவது இன்ன இடம் என்று இருக்கும். வடகத்தை மிதித்துக்கொண்டு இறங்கி ஓடினேன். தெருவே ஓடியது. அந்த உடம்போடு எப்படி ஓடினேன் என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

கம்பெனி கேட்டுக்கு நான் போய்ச் சேர்ந்தபோது, எம். புதுப்பட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வருகிற பெண்கள் எல்லோரும் வெட்டவெளியில் நின்றார்கள். மாமா ஒவ்வொரு செட்டுக் கொட்டகைக்கும் உரியவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் இருந்தார்கள். நீங்கள் இல்லை.

"சின்னவன் எங்கலே?" என்று மாமா கேட்டார்.

"மருந்து ரூம் பக்கமா நடந்து போனாக" என்றார் வாட்ச்மேன்.

வெடிமருந்து கலக்குகிற அறை எல்லாச் செட்டுகளையும் விட்டுத் தள்ளி, உடைமரங்களுக்குப் பின்னால் இருந்தது. அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. நீங்கள் அதற்குப் பின்னாலிருந்த குறுக்கு வழியில் நழுவி, ராசையா அண்ணன் கொண்டுவந்து நிறுத்திய வண்டியை எடுக்கப் போனது எங்களில் யாருக்குத் தெரியும். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த அறையை நோக்கித் தனியாக நடந்தார். யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவரோடு போகவும் யாருக்கும் துணிவில்லை. நான் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது இன்னொரு வெடி. எங்களுக்குப் பின்னால், ரயில்வே கேட் வளைவிலிருந்து. நின்றிருந்த பெண்கள் அப்படியே தரையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார்கள். நான் உட்காரவில்லை. வெடிச் சத்தத்தை ஒட்டி ஓர் உறுமல் வந்தது. அது உங்கள் வண்டி. கண்ணில் படுவதற்கு முன்பே என் காது சொல்லிவிட்டது. அதற்கப்புறம்தான் கேட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

முகமெல்லாம் சிரிப்பாக வந்து இறங்கினீர்கள். "என்ன, எல்லாரும் வெளிய நிக்கீக?" என்று வேறு கேட்டீர்கள். முதலில் வாய் திறந்தது பேச்சியம்மாள்தான். சரம் பின்னுகிறவர்களிலேயே மூத்தவள், யாருக்கும் அஞ்சாதவள். "சின்ன மொதலாளி, நாங்க இம்புட்டுப் பேரு சேந்து செய்யிற வெடி பத்தலைன்னு நீங்க வேற தனியாச் செய்யிறீகளா?" என்றாள். அழுதுகொண்டிருந்தவர்கள் அழுகையோடே சிரித்தார்கள். உங்கள் முகம் அப்போதுதான் மாறியது.

மாமா திரும்பி வந்தார். சட்டை வேர்வையில் ஒட்டிப் போயிருந்தது. உங்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "பொழுது சாயறதுக்குள்ள இந்த வண்டி ஊரைத் தாண்டிரணும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உடைமரத்தடியில் உட்கார்ந்தார்.

எனக்கு உங்களைக் கட்டிக்கொள்ளவும் தோன்றியது, கன்னத்தில் ஒன்று வைக்கவும் தோன்றியது. ஊர் பார்க்கிறதே என்று அடக்கிக்கொண்டேன். வீட்டுக்கு வந்து இரண்டையும் செய்தேன். நீங்களும் இரண்டையும் வாங்கிக்கொண்டீர்கள்.

மதுரையில் ஒரு புரோக்கரிடம் வண்டியைத் தள்ளிவிடக் கிளம்பினீர்கள். நான் மாமா முன்னால் போய் நின்றேன். அதற்கு முன் அவரிடம் ஒரு பேச்சை முழுசாகப் பேசி முடித்ததில்லை.

"வண்டி இருக்கட்டும் மாமா. சத்தத்த மாத்தச் சொல்லுங்க. ஒரேயடியாச் சத்தமே இல்லாமயும் ஆக்கிரக் கூடாது. நாளைக்கு நெசமாவே ஏதும் வெடிச்சா, என்னால இப்படி ஓடியாந்து நிக்க முடியாது. அந்த வண்டி வர்ற சத்தம் கேட்டா, அவுக இருக்காகன்னு இங்கன இருந்தே தெரிஞ்சுக்கிருவேன்."

மாமா வெற்றிலையை மென்று முடித்தார். பிறகு, "எனக்கும் கேக்கணும் தாயி" என்றார். அந்த அறையை நோக்கித் தனியாக நடந்த மனுஷன் அவர்.

அதற்குப் பிறகு நீங்களும் ராசையா அண்ணனும் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஓட்டை போட்ட குழாயை ஒரு தகரப் பெட்டிக்குள் வைத்து, சத்தத்தைக் குடிக்கட்டும் என்று சுற்றிலும் தேங்காய் நாரை அடைத்தீர்கள். நார் கருகித் தெருவே இருமியது. தேர் வீதி வரைக்கும் போய் அத்தை மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அடுத்து கடைசல் பட்டறையில் சுருள் சுருளாக விழுகிற இரும்புச் சீவலை வாங்கிவந்து அடைத்தீர்கள். அது கருகாமல் தாக்குப்பிடித்தது. நெருப்புப் பொறி வெளியே தெறிக்காமல் இருக்க வால் பக்கத்தில் கம்பி வலையும் வைத்தீர்கள்.

சத்தம் எப்படி இருக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை என்னுடையது. நீங்கள் ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பி வருவீர்கள், நான் மாடியில் நிற்பேன். பிடித்தால் துண்டை வீச வேண்டும். துண்டு என் தோளிலேயே கிடந்தது. ஒரு நாள் பஸ் மாதிரிக் கேட்டது. அப்படி இருந்தால் சாத்தூர் பஸ் வருகிறபோதெல்லாம் நான் ஏமாந்து போவேனே. இன்னொரு நாள் மாவு மில் மாதிரி. "மதினி, சீக்கிரம் ஒரு துண்ட வீசுங்க, பட்டறையில லாரிக்காரன் காத்துக் கெடக்கான்" என்று ராசையா அண்ணன் கீழே நின்று புலம்புவார். பெட்டியை நீளமாக்கி, உள்ளே ஒரு தடுப்பு வைத்த பிறகுதான் அது வந்தது. தாழ்ந்த குரலில், வயிறு நிறையச் சாப்பிட்ட ஆள் செருமுகிற மாதிரி ஒரு சத்தம். ஊரில் வேறெந்த வண்டிக்கும் அது கிடையாது. துண்டை வீசினேன். காற்றில் அது பக்கத்து வீட்டுக் கூரைக்குப் போய்விட்டது. குழாய் மாற்றினதில் வேகமும் கூடியிருக்கிறது என்று நீங்கள் ரகசியமாக என்னிடம் சொன்னதை மாமாவிடம் நான் சொல்லவில்லை.

நம் பெண் நடக்கப் பழகிய சமயம். தீபாவளி சீசன். அன்று வந்த சத்தத்தில் சந்தேகத்துக்கே இடமில்லை. பரணிலிருந்து பாத்திரம் விழுந்தது. அத்தை படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். தண்டவாளத்துக்கு அப்பால் புகை தடித்து எழுந்தது. அங்கே நம் கம்பெனியும் இன்னொருவருடையதும் அடுத்தடுத்து இருந்தன. எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தெருப் பெண்கள் ஓடினார்கள். நான் நின்று கேட்டேன். பிள்ளை சிணுங்கினாள், அவள் வாயைப் பொத்திவிட்டுக் கேட்டேன். சைக்கிள் மணி கேட்டது. லாரி ஒன்று கேட்டது. அப்புறம் அது கேட்டது.

நம் வளைவில் திரும்பவில்லை. நேரே சிவகாசி ஆஸ்பத்திரி ரோட்டில் போய்க்கொண்டே இருந்தது.

"அத்தே, இருக்காக" என்று மாடியிலிருந்து கத்தினேன்.

"எங்கன இருக்கான்?"

"தெரியல அத்தே. போறாக."

அது போதுமாக இருந்தது. அந்தச் சத்தம் தேய்ந்து மறைகிற வரைக்கும் அழுதேன். எனக்கு அம்புட்டு நிம்மதி அதற்கு முன்னாலும் வந்ததில்லை, பின்னாலும் வந்ததில்லை.

வெடித்தது அடுத்த கம்பெனியின் செட்டு. உள்ளே இருந்தவர்கள் நேரத்தோடு ஓடி வந்துவிட்டார்கள். கை வெந்துபோன இரண்டு பெண்களை ஒருத்தி மடியில் ஒருத்தியாக அந்தச் சின்ன இருக்கையில் ஏற்றிக்கொண்டு நீங்கள் பறந்திருக்கிறீர்கள். இருவரும் பிழைத்தார்கள், மறு சீசனுக்கு வேலைக்கும் வந்தார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கரி அப்பிய சட்டையோடு வாசலில் வந்து நின்று, "கேட்டுச்சா?" என்றீர்கள். கேட்டது என்றேன். அப்போதுதான் நீங்கள் படியில் உட்கார்ந்து அழுதீர்கள். நான் என் பங்கை மாடியிலேயே அழுது முடித்திருந்தேன்.

நீங்கள் போனது ஒரு சாதாரண மத்தியானம். சாப்பிட்டீர்கள், மோர் கேட்டீர்கள், பேப்பரை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு கட்டிலில் படுத்தீர்கள். காப்பி கொண்டுவந்து எழுப்பினேன். துக்கத்துக்கு வந்த பேச்சியம்மாள் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வீட்டுல, கட்டில்ல, முழு ஒடம்போட போனாகளேம்மா, அது போதும்" என்றாள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். வந்தவர்கள் சொன்னதிலேயே எனக்கு ஆறுதலாக இருந்தது அது ஒன்றுதான். ஒவ்வொரு நாள் காலையிலும் உங்களை அனுப்பிவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தவள் நான். இனி உங்களுக்கு ஒன்றும் ஆகாது.

காது மட்டும் ஓய மாட்டேன் என்கிறது. இந்தத் தெருவிலிருந்து இன்னும் பலர் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். யாருடைய வண்டி எப்படி இருமும், எது எந்த மேட்டில் திணறும் என்று எல்லாம் எனக்குத் தெரியும். சாயங்காலம் வாசலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொன்றாக உள்ளே வந்து நிற்பதைக் கேட்கிறேன். கடைசி வண்டியும் வந்து சேர்ந்த பிறகுதான் அத்தான், சாப்பிட உட்காருகிறேன்.