டேனிக்குக் கொடுத்த நட்சத்திரம்

என் செல்விக்கு,

டேனியின் பெயர் வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கான உத்தேசப் பட்டியலை அவனுடைய அணி நேற்று மாலை தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிறது. முப்பது வருடச் செய்தியாளன் புத்தி, மறுபடி திறந்து பார்த்து உறுதி செய்த பிறகுதான் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா எழுந்து சாமி மாடத்துக்குப் போனாள். போன விடுமுறையில் நீ போடியில் வாங்கித் தந்த வெள்ளித் தகட்டுக் கால் உருவை எடுத்து, முந்தானையால் துடைத்து, திரும்ப வைத்துவிட்டாள்.

ரக்பி லீக் என்று ஓர் ஆட்டம் இருப்பதே, நீ வட இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போகும்வரை நம் தேவிகுளம் தேயிலைத் தோட்ட லயத்தில் யாருக்கும் தெரியாது. டேனி உன் வார்டில் முழங்கால் அறுவைக்குப் படுத்தவன். அவனைப் பற்றி அந்த ஊர்ப் பத்திரிகையில் வந்ததை மட்டுமே எங்களிடம் சொல்வாய். சுரங்கக்காரர்கள் ஊரில் பிறந்தவன். பதினேழு வயதில் ஆட வந்தான். முதலில் மைதான ஓரத்தில் ஓடினான், உடம்பு கனத்ததும் நடுவில் மோதினான். ஒரே ஒரு தடவை நாட்டுக்காக ஆடினான். அடுத்த ஆட்டத்தில் தசைநார் அறுந்தது.

"விழுந்தவன் தானா எந்திரிச்சு, பந்தக் காலால பின்னாடி உருட்டணும்ணே. அப்பத்தான் ஆட்டம் நடக்கும். இவனால எந்திரிக்கத்தான் முடியல" என்றாய் போனில்.

அதைக் கேட்டுத்தான் அம்மா வேண்டிக்கொண்டாள். அவன் திரும்ப ஆடினால் எஸ்டேட் மாரியம்மனுக்குக் கால் உரு, அதுவரை வெள்ளிதோறும் அர்ச்சனை. வெள்ளைக்கார மருமகனுக்கா வேண்டுதல் என்று பக்கத்து வீட்டு அக்கா கேலி செய்தபோது, மருமகன் என்றால் கால் நல்லா இருக்கிறவனாகப் பார்த்திருப்பேனே என்றாள் அம்மா. பூசாரி நட்சத்திரம் கேட்டார். இங்கிலாந்துக்காரனுக்கு ஏது நட்சத்திரம்? என்னுடையதைச் சொல்லுங்கள் என்று நீதான் போனில் சிரித்தாய். அன்றிலிருந்து அவன் டேனி, ரோகிணி நட்சத்திரம். இது அவனுக்குத் தெரியாது.

போன மழைக்காலத்தில் மூளையில் ரத்தம் கசிந்து, உன் வார்டிலிருந்து நாலு மாடி கீழே, தீவிர சிகிச்சைப் பிரிவில் நீ போய்விட்டாய். உன் உடலை இங்கே கொண்டுவந்தோம். காரியம் முடிந்த முதல் வெள்ளி, அம்மா அர்ச்சனைத் தட்டோடு நின்றாள். பூசாரி தயங்கினார்.

"யக்கா, போனவுக நச்சத்திரத்துக்கு அர்ச்சனை கெடையாதுல்லா."

"போனவ நச்சத்திரமா? அது அந்தப் புள்ளைக்குக் குடுத்தாச்சு. நீ சொல்லு."

அவர் சொன்னார். இன்றுவரை சொல்கிறார். ரோகிணி என்று அவர் வாயில் வரும்போது அம்மா கண்ணை மூடிக்கொள்வாள். வாரத்தில் ஒரு தடவை உன்னை யாரோ கூப்பிடுவதுபோல் இருக்கும் எனக்கு. அதற்காகவே நானும் போகிறேன்.

அவன் ஆடிவிட்டால் வேண்டுதல் முடிந்தது, அர்ச்சனையும் நின்றுவிடும். ஆடாவிட்டால், இந்தப் பருவத்தோடு அணியில் அவன் ஒப்பந்தம் தீர்கிறது, முப்பத்திரண்டு வயதில் இன்னொன்று கிடைக்காது. நான் எதை ஆசைப்படட்டும், செல்வி?

அம்மாவிடம் கேட்டேன்.

"வரணும். அது செல்வி பாத்த வேலை, பாதில நிக்கக் கூடாது" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுச் சொன்னாள்: "வந்துட்டான்னா, வெள்ளிக்கெழம நான் எங்கடா போவேன்?"

இறுதிப் பட்டியல் ஆட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் வரும். நமக்கு அது ஞாயிறு மாலை ஆறரை. போன் சிக்னல் கிடைக்கிற சாலை வளைவுக்கு அம்மாவைக் கூட்டிப்போய் உட்காருவேன். அவன் விழும்போது போன் திரையிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். எழுந்து பந்தை உருட்டிவிட்டால், அந்தக் கால் உருவை அம்மன் முன்னால் நானே வைக்கிறேன். அடுத்த வெள்ளியும் அம்மாவோடு போவேன். பூசாரி பேர் கேட்டால், சும்மா நின்றுவிட்டு வருகிறோம்.

உன் கூடப் பிறந்தவன்,
அண்ணன்